ஜப்பானில் குடியேற நினைக்கும் அமெரிக்கர்கள்: சந்தேகங்களும் விளக்கங்களும்

2011இல் ஒரு டாலரை மாற்றினால் 75, 80 யென்தான் கிடைத்தது. 2024 ஜூலையில் அதே டாலருக்கு 161 யென் வரை கிடைத்தது. சுற்றுலா போய்வரும் அமெரிக்கர்களுக்கு 'இங்கேயே தங்கிவிட்டால் என்ன?' என்று தோன்ற இது ஒரு காரணம். மருத்துவமனை பில், துப்பாக்கிப் பயம், சொந்த நாட்டு அரசியல் மீதான சலிப்பு ஆகியவை மற்ற காரணங்கள். ஆனால், 2024 முடிவில் ஜப்பானில் வசித்த சுமார் 37.7 லட்சம் வெளிநாட்டவரில் அமெரிக்கர்கள் 66 ஆயிரம் பேர் அளவில்தான். அங்குள்ள அமெரிக்க ராணுவத் தளங்களில் இருப்போர் இந்தக் கணக்கில் சேர மாட்டார்கள். தங்க நினைப்பவர்கள் வழக்கமாக எழுப்பும் சந்தேகங்களைப் பார்ப்போம்.

அமெரிக்க பாஸ்போர்ட் இருக்கிறதே, அது போதாதா?

சுற்றிப் பார்க்கப் போதும். விசா இல்லாமல் 90 நாள் இருக்கலாம். வேலை செய்யக் கூடாது. 90 நாள் முடிந்ததும் சியோலுக்கு ஒரு நடை போய்த் திரும்பினால் இன்னொரு 90 நாள் கிடைக்கும் என்று சிலர் கணக்குப் போடுகிறார்கள். ஓரிரு முறை நடக்கலாம். அதன்பின் விமான நிலையத்திலேயே குடிவரவு அதிகாரி திருப்பி அனுப்பினால் கேட்க ஆளில்லை.

வசிப்பதற்கு 'வசிப்பு நிலை' வேண்டும். அதைத் தருவதில் அமெரிக்கர், இந்தியர் என்ற வித்தியாசம் இல்லை. வேலை தரும் நிறுவனமோ, சேர்த்துக்கொள்ளும் கல்லூரியோ, ஜப்பானிய கணவனோ மனைவியோ இருக்க வேண்டும். அவர்கள் மூலம் குடிவரவுத் துறையிடம் தகுதிச் சான்றிதழ் வாங்கி, தூதரகத்தில் விசா பெற்று இறங்கினால் வசிப்பு அட்டை கிடைக்கும். வீடு பார்த்துக் குடிபோன 14 நாளுக்குள் உள்ளூர் நகராட்சி அலுவலகத்தில் முகவரியைப் பதிய வேண்டும்.

ஒரு விஷயத்தில் அமெரிக்கர்கள் மற்றவர்களைவிடப் பின்தங்கியே இருக்கிறார்கள். கனடா, ஆஸ்திரேலியா, பிரிட்டன் இளைஞர்கள் ஊர் சுற்றிக்கொண்டே வேலையும் செய்ய அனுமதிக்கும் 'வொர்க்கிங் ஹாலிடே' ஒப்பந்தம் அமெரிக்காவுடன் கிடையாது.

என்ன வேலை கிடைக்கும்?

பெரும்பாலும் ஆங்கில ஆசிரியர் வேலை. 1987இல் ஜப்பான் அரசு தொடங்கிய ஜெட் திட்டத்தில் பள்ளிகளுக்கு உதவி ஆசிரியர்களாகப் போகலாம். எந்தப் பாடத்திலாவது இளநிலைப் பட்டம் இருந்தால் போதும். அடுத்தது மென்பொருள். அலுவலக வேலைகளுக்குப் பட்டமோ, பெரும்பாலும் 10 ஆண்டு அனுபவமோ கேட்பார்கள். ஜப்பானிய மொழியும் கேட்பார்கள். அமெரிக்க வெளியுறவுத் துறை தன் அதிகாரிகளுக்கு இந்த மொழியைக் கற்பிக்க 88 வாரம், 2,200 வகுப்பு மணி நேரம் ஒதுக்குகிறது. மாலை நேரத்தில் கைபேசிச் செயலியைத் தட்டிக் கற்றுவிடலாம் என்று நினைப்பவர்கள் இந்தக் கணக்கைப் பார்க்க வேண்டும்.

யென் மலிவாக இருப்பது டாலர் சம்பாதிப்பவருக்குத்தான் லாபம். யென்னில் சம்பளம் வாங்கி, அமெரிக்காவில் வாங்கிய கல்விக் கடனை டாலரில் கட்டும் ஆசிரியருக்கு அதே மலிவு தலையில் இடி.

அமெரிக்க நிறுவன வேலையையே ஜப்பானில் இருந்து செய்யலாமே?

2024 மார்ச் இறுதியில் அதற்கென ஒரு விசா வந்தது. ஆண்டு வருமானம் 1 கோடி யென் இருக்க வேண்டும். தனியார் மருத்துவக் காப்பீடு வேண்டும். ஆறு மாதம்தான், நீட்டிப்பு கிடையாது, வசிப்பு அட்டையும் கிடையாது. நீண்ட சுற்றுலா என்று சொல்லலாம், குடியேற்றம் என்று சொல்ல முடியாது.

ஓய்வுபெற்றவர்கள்?

ஓய்வூதியர் விசா என்று ஒன்றை ஜப்பான் வைத்திருக்கவில்லை. 50 லட்சம் யென் முதலீட்டில் சிறு தொழில் தொடங்கி 'நிர்வாகி விசா' வாங்குவது சிலருக்குக் கொல்லைப்புற வழியாக இருந்தது. 2025 அக்டோபரில் அந்தத் தொகை 3 கோடி யென் ஆனது. ஒரு முழுநேர ஊழியரையும் வைத்திருக்க வேண்டும்.

காலி வீடுகள் அடிமாட்டு விலைக்குக் கிடைக்கின்றனவாமே?

உண்மைதான். 2023 கணக்கெடுப்பின்படி சுமார் 90 லட்சம் வீடுகள், மொத்தத்தில் 13.8 சதவீதம், காலி. வெளிநாட்டவர் விசாகூட இல்லாமல் வீடும் நிலமும் வாங்கலாம். ஆனால் வீட்டுப் பத்திரம் வசிக்கும் உரிமையைத் தராது. சொந்த வீட்டில் சுற்றுலாப் பயணியாக 90 நாள் இருந்துவிட்டுக் கிளம்ப வேண்டியதுதான்.

விலை மலிவாக இருப்பதற்குக் காரணங்கள் உண்டு. பல வீடுகள் இளைஞர்கள் காலி செய்துவிட்ட கிராமங்களில் உள்ளன. நிலநடுக்கத்தைத் தாங்குவதற்கான கட்டட விதிகள் 1981இல்தான் கடுமையாக்கப்பட்டன. அதற்கு முன் கட்டிய மரவீடு என்றால் பழுதுபார்க்கும் செலவு வாங்கிய விலையைத் தாண்டிவிடலாம்.

வாடகைக்குப் போனால் வேறு தலைவலி. முன்பணம் தவிர, 'ரெய்கின்' என்ற பெயரில் வீட்டுக்காரருக்குத் திரும்பி வராத ஒரு தொகை, உத்தரவாத நிறுவனத்துக்குக் கட்டணம், தரகருக்குக் கமிஷன். வெளிநாட்டவர் என்பதற்காகவே வீடு மறுக்கப்படுவதும் உண்டு. ஜப்பான் நீதி அமைச்சகம் 2017இல் வெளியிட்ட ஆய்வில், வீடு தேடிய வெளிநாட்டவரில் சுமார் 40 சதவீதம் பேர் அப்படி மறுக்கப்பட்டதாகச் சொன்னார்கள். இன, தேசிய அடிப்படையில் வீடு மறுப்பதை அமெரிக்கா 1968இல் சட்டவிரோதமாக்கியது. ஜப்பானில் அதற்கு நிகரான தேசியச் சட்டம் இல்லை.

மருத்துவச் செலவு?

இதில் ஆசைப்படுவது நியாயமே. மூன்று மாதத்துக்கு மேல் வசிப்பவர் பொதுக் காப்பீட்டில் சேர்ந்தே ஆக வேண்டும். பெரும்பாலோர் செலவில் 30 சதவீதம் கட்டினால் போதும். மாதச் செலவுக்கு உச்சவரம்பும் உண்டு. ஒன்றை மட்டும் முன்கூட்டியே தெரிந்துகொள்ள வேண்டும்: நிறுவனக் காப்பீட்டில் இல்லாதவர்களின் சந்தாவும், எல்லோருக்குமான வசிப்பு வரியும் முந்தைய ஆண்டு ஜப்பானில் ஈட்டிய வருமானத்தை வைத்துக் கணக்கிடப்படுகின்றன. முதல் ஆண்டு கைக்கு அடக்கமாக இருக்கும் பில் இரண்டாம் ஆண்டில் திடுக்கிட வைக்கும்.

மருந்துகளில் விளையாடக் கூடாது. கவனக்குறைபாட்டுக்கு அமெரிக்க மருத்துவர்கள் சாதாரணமாக எழுதித்தரும் அடெரால், ஜப்பானில் முழுத் தடை. மருந்துச்சீட்டு இருந்தாலும் கைதுதான். சில வலி நிவாரணிகளுக்கு முன் அனுமதி வேண்டும். 2015இல் டொயோட்டாவின் அமெரிக்க உயர் அதிகாரி ஒருவர் அப்படி ஒரு மாத்திரைக்காகக் கைதாகி, வழக்கின்றி விடுவிக்கப்படும்வரை சில வாரம் காவலில் இருந்தார்.

நாட்டை விட்டு வந்தபின் அமெரிக்காவுக்கு ஏன் வரிக்கணக்கு?

பெரும்பாலான நாடுகள் தம் மண்ணில் வசிப்பவரிடம்தான் வரி கேட்கும். அமெரிக்கா தன் குடிமகன் எங்கிருந்தாலும் கேட்கும். குடியேற நினைப்பவர்கள் கடைசியில் யோசிக்கும் விஷயம் இது. என்னைக் கேட்டால் முதலில் யோசிக்க வேண்டியது.

வெளிநாட்டில் உழைத்து ஈட்டியதில் 2025ஆம் ஆண்டுக்கு 1,30,000 டாலர் வரை விலக்கு உண்டு. ஜப்பானில் கட்டிய வரியையும் கழித்துக்கொள்ளலாம். எனவே ஆசிரியர் போன்றவர்கள் பெரும்பாலும் அமெரிக்காவுக்கு எதுவும் கட்ட வேண்டியிராது. ஆனாலும் கணக்குத் தாக்கல் செய்தே ஆக வேண்டும். வெளிநாட்டு வங்கிக் கணக்குகளின் மொத்த இருப்பு ஒருநாள் 10,000 டாலரைத் தாண்டினாலும் அதைத் தனியாகத் தெரிவிக்க வேண்டும். தவறினால் அபராதம் கடுமை.

பொறி இருக்கும் இடம் சேமிப்பு. பக்கத்து மேசை ஜப்பானியர் 'நிசா' என்ற வரிவிலக்கு முதலீட்டுக் கணக்கில் மியூச்சுவல் ஃபண்ட் வாங்கி, வரியில்லா லாபம் பார்ப்பார். அதையே அமெரிக்கர் வாங்கினால் ஜப்பான் வரி கேட்காது. அமெரிக்கா அந்த ஃபண்டை அந்நிய முதலீட்டு நிறுவனமாகக் கருதி, மிகக் கடுமையான விகிதத்தில் வரி போடும்.

ஓய்வூதியத்தில் ஓர் ஆறுதல் உண்டு. 2005இல் அமலான ஒப்பந்தப்படி இரு நாட்டிலும் பணம் கட்டிய ஆண்டுகளைச் சேர்த்து, ஓய்வூதியத் தகுதியைக் கணக்கிடலாம்.

நிரந்தரமாகத் தங்கவும் குடிமகன் ஆகவும் முடியுமா?

நிரந்தர வசிப்புக்குப் பொதுவாக 10 ஆண்டு. படிப்பு, சம்பளம், வயது ஆகியவற்றுக்குத் தரும் புள்ளிகளில் 70 எடுத்தால் 3 ஆண்டு, 80 எடுத்தால் 1 ஆண்டு. வாங்கியபின் இன்னொரு கணக்கும் தொடங்கும்: நிரந்தர வசிப்பு பெற்றவர் ஜப்பானில் வசிக்கையில் இறந்தால், அமெரிக்காவில் இருக்கும் சொத்துக்கும் ஜப்பானின் வாரிசு வரி பாயும். உச்ச விகிதம் 55 சதவீதம்.

குடியுரிமை வாங்கியவர்களும் உண்டு. கொலம்பியா பல்கலைக்கழகத்தில் அரை நூற்றாண்டுக்கு மேல் ஜப்பானிய இலக்கியம் கற்பித்த டொனால்ட் கீன், 2011 நிலநடுக்கத்தால் வெளிநாட்டவர் பலர் கிளம்பிய நேரத்தில் ஜப்பானிலேயே வாழ முடிவெடுத்து, 2012இல் 89 வயதில் ஜப்பானியர் ஆனார். ஜப்பான் இரட்டைக் குடியுரிமையை ஏற்பதில்லை. அமெரிக்கக் குடியுரிமையை விட வேண்டும். அப்படி விடும்போதும், முந்தைய 5 ஆண்டு வரிக்கணக்கு ஒழுங்காக இருப்பதாக அமெரிக்க வருமான வரித் துறையிடம் உறுதி கூற வேண்டும்.