ஊதியச் சீட்டும் ஒரு பாடமே!

பத்தாம் வகுப்புக்குப் பின் மேல்நிலைப் பள்ளி, அதன்பின் கல்லூரி என்பதே கல்வியின் ஒரே பாதை என்று நம்மில் பலர் எண்ணுகிறோம். அப்பாதையில் செல்லாதவர்களுக்கென ஐடிஐ எனப்படும் அரசு தொழிற்பயிற்சி நிலையங்கள் இருக்கின்றன. 14 வயது நிறைந்தோர் இவற்றில் சேரலாம். பொருத்துநர், கடைசலர், மின்பணியாளர் பிரிவுகளுக்கு இரண்டாண்டுப் பயிற்சி. பற்றவைப்பாளர் பிரிவுக்கு ஓராண்டு.

பொருளியல் பேராசிரியராகப் பணி நிறைவு பெற்ற நான், வாரத்தில் இரு நாள்கள் அத்தகைய நிலையம் ஒன்றில் ஊதியமின்றி வகுப்பெடுத்து வருகிறேன். அரம் பிடிக்கவும் வெர்னியர் அளவுகோலைப் படிக்கவும் கற்றுத்தர அங்கு தேர்ந்த பயிற்றுநர்கள் உள்ளனர். பொருளியல் படித்தவருக்கு அங்கே என்ன வேலை என்று நண்பர்கள் வினவுவதுண்டு.

தொழிலாளிக்கு அளிக்கப்படும் பயிற்சியை இரு வகையாகப் பிரித்தார், 1964-இல் 'மனித மூலதனம்' நூலை வெளியிட்ட கேரி பெக்கர். ஒரு நிறுவனத்துக்கு மட்டுமே பயன்படும் பயிற்சி ஒன்று. எங்கு சென்றாலும் பயன்படும் பயிற்சி மற்றொன்று. பின்னதற்குச் செலவிட முதலாளி தயங்குவார். கற்றவர் மறுநாளே வேறிடம் போகலாம் அல்லவா? ஆகவே அச்செலவைக் கற்பவரே குறைந்த ஊதியத்தின் வாயிலாக ஏற்கிறார், அல்லது அரசு ஏற்கிறது. ஐடிஐ இருப்பதற்கான காரணமும், அங்கிருந்து வெளியேறும் இளைஞர் முதலில் சந்திக்கும் சிக்கலும் இதில் அடங்கியிருக்கின்றன.

பலர் தொழிற்பழகுநராகவே ஆலைக்குள் நுழைகின்றனர். 1961-ஆம் ஆண்டின் தொழிற்பழகுநர் சட்டப்படி அவர் பயிற்சி பெறுபவரே தவிர, தொழிலாளர் அல்லர். எனவே வருங்கால வைப்பு நிதியும் இஎஸ்ஐயும் அவருக்கு இல்லை. ஆனால், பதிவு செய்யப்பட்ட ஒப்பந்தம், மாத உதவித்தொகை, பணியில் காயமுற்றால் இழப்பீடு ஆகியன உண்டு. ஒப்பந்தமே இல்லாமல் 'டிரெய்னி' என்று பெயரிட்டு, முழுநேர உற்பத்தியில் நிறுத்தப்படும் இளைஞருக்கோ இரு தரப்பு உரிமைகளும் கிடைப்பதில்லை. கையெழுத்திடும் தாள் எத்தகையது என்று பார்க்கத் தெரிவது, கடைசல் இயந்திரத்தை இயக்கத் தெரிவதற்குக் குறைந்ததன்று என்பது என் கருத்து.

"பிஎஃப் பிடிக்காத கம்பெனிதானே சார் நல்லது?" என்று ஒரு மாணவர் கேட்டார். கரும்பலகையில் கணக்கிட்டோம். அடிப்படை ஊதியமும் அகவிலைப்படியும் சேர்ந்து 15,000 ரூபாய் எனில், 12 விழுக்காடாக 1,800 ரூபாய் வைப்பு நிதிக்கும், 0.75 விழுக்காடாக ஏறத்தாழ 113 ரூபாய் இஎஸ்ஐக்கும் பிடிக்கப்படும். நிறுவனமோ தன் பங்காக முறையே 12, 3.25 விழுக்காடு செலுத்த வேண்டும். பிடித்தமில்லாத ஊதியத்தில் மிச்சம் யாருக்கு என்பதை அவர்களே கண்டுகொண்டனர். அன்று மணி அடித்த பிறகும் வகுப்பு கலையவில்லை!

தமிழகத்தில் 71 அரசு நிலையங்களை ரூ.2,877 கோடியில் நவீனமாக்கும் திட்டம் பாராட்டத்தக்கது. இயந்திரங்களைப் பணத்தால் வாங்கலாம். இத்தகைய உரையாடலுக்கு மனிதர்களின் நேரம் வேண்டும். வங்கியிலும் தொழிலாளர் துறையிலும் பணியாற்றி ஓய்வு பெற்றவர்கள் என்னைவிடவும் இதற்குத் தகுதியானவர்கள்.

இன்னொன்று. பத்தாம் வகுப்புக்குப் பின் ஈராண்டு ஐடிஐ பயிற்சி முடித்தவர், பன்னிரண்டாம் வகுப்பின் தமிழ், ஆங்கிலத் தேர்வுகளில் மட்டும் தேறினால் அவ்வகுப்புக்கு இணையான சான்று பெறலாம். ஆங்கிலத் தாளுக்கு அஞ்சியே பலர் விண்ணப்பிப்பதில்லை. மாலையில் ஒரு மணி நேரம் ஒதுக்கக்கூடிய ஆங்கில ஆசிரியர் ஒருவரை எங்கள் நிலையத்தில் இப்போது தேடிக்கொண்டிருக்கிறோம்.