குலமுறை நாய்களும் அவற்றோடு வாழ்தலும்

நாய் மனிதனோடு வாழத் தொடங்கிய காலம் பயிர்த்தொழிலினும் பழையது. ஆயினும் 'குலமுறை நாய்' என்றும், நம் ஊர்ப் பேச்சில் 'சாதி நாய்' என்றும் வழங்கப்படுவது மிகப் புதியதொரு கருத்தாகும். முன்னாளில் வேட்டை நாய், காவல் நாய், ஆட்டு நாய் எனத் தொழில்பற்றியே நாய்கள் வகுக்கப்பட்டன. ஆட்டை நன்கு மடக்கிய நாயின் குட்டியை இடையன் விரும்பி வளர்த்தான். அதன் பாட்டனும் பூட்டனும் யாவர் என்பதை ஏட்டில் எழுதிவைக்கும் தேவை அவனுக்கு இருக்கவில்லை. நாயின் மதிப்பு தொழிலிலிருந்து தோற்றத்துக்கும், தோற்றத்திலிருந்து ஏட்டிற் பதிந்த வமிசாவளிக்கும் இடம்மாறியது பத்தொன்பதாம் நூற்றாண்டின் இங்கிலாந்திலேயாம். அம்மாற்றத்தால் நாய்க்கு விளைந்தது யாது என்பதையும், அத்தகைய நாயோடு வாழ்வோர் அதனை அரங்கிற் காட்டுவதும் பயிற்றுவதும் கூட்டமாக உலாவச் செய்வதும் எங்ஙனம் என்பதையும் ஈண்டு ஒருவாறு விளக்க முயல்வாம்.

முறையாக நடந்த முதல் நாய்க்காட்சி 1859ஆம் ஆண்டு யூன் மாதத்தில் நியூகாசில் நகரில் நடைபெற்றதென்பர். பொயின்டர், செற்றர் என்னும் இருவகை வேட்டை நாய்கள் மாத்திரம், ஏறத்தாழ 60, அங்கே கொண்டுவரப்பட்டன. பரிசு துப்பாக்கி, ஆகவே வந்தவர் யாவர் என்பது சொல்லாமலே விளங்கும். அடுத்த சில ஆண்டுகளிற் காட்சிகள் பெருகின. அவற்றோடு ஏமாற்றும் பெருகிற்று. ஒரே பெயரிற் பல நாய்கள், ஒரே நாய்க்குப் பல பெயர்கள் எனக் குழப்பம் மிகவே, பாராளுமன்ற உறுப்பினரான சேர்லி என்பார் வேறு பன்னிருவரோடு கூடி 1873இல் கெனல் கழகத்தை நிறுவினார். மறு ஆண்டே அக்கழகத்தின் முதலாவது வமிசாவளி ஏடு வெளிவந்தது. இன்று உலகெங்கும் பரந்துள்ள குலமுறைப் பதிவுகளுக்கெல்லாம் வழிகாட்டி அதுவே எனலாம்.

உலகப் புகழ்பெற்ற கிறவ்ற்ஸ் காட்சியின் கதை சற்றே சுவையானது. அதனைத் தொடக்கிய சாள்ஸ் கிறவ்ற் நாய் பிஸ்கற்று விற்கும் நிறுவனமொன்றில் வேலைபார்த்தவர். விற்பனைக்காக ஊரூராகச் சென்றவர், நாய் வளர்ப்போர் எங்கெங்கு உளர் என்பதை வேறெவரினும் நன்கு அறிந்திருந்தார். 1891இல் இலண்டன் இஸ்லிங்டனில் அவர் தொடக்கிய காட்சி, அவர் 1938இல் இறந்தபின் கெனல் கழகத்தின் கைக்கு வந்தது; 1991 முதல் பேர்மிங்காமில் நடைபெற்று வருகிறது.

காட்சி அரங்கில் நாய்கள் ஒன்றோடொன்று ஒப்பிடப்படுகின்றன என்று பார்ப்போர் எண்ணுவர். கொள்கையளவில் அஃது அவ்வாறன்று. ஒவ்வோர் இனத்துக்கும் எழுத்தில் வரையப்பட்ட இலக்கணம் ஒன்றுண்டு. தலையின் வடிவு, கண்ணின் நிறம், தோளின் சாய்வு, வாலின் நிலை, மயிரின் தன்மை, குணம் ஆகிய யாவும் அதில் அடங்கும். நடுவர் அவ்விலக்கணத்தை மனத்திற்கொண்டு ஒவ்வொரு நாயையும் அளக்கிறார். சிறிய நாயை மேசைமீது நிறுத்தியும் பெரியதை நிலத்தில் நிறுத்தியும் பல்லைத் திறந்து பார்த்து, முதுகையும் விலாவையும் கையாற் தடவி அறிகிறார்; பின்னர் முக்கோணமாக ஓடச்செய்து முன்னிருந்தும் பின்னிருந்தும் பக்கத்திலிருந்தும் நடையைக் காண்கிறார். மயிர் மறைக்கும் குற்றத்தை நடை காட்டிக்கொடுக்கும் என்பது பழகிய நடுவர்களின் துணிபு. பிரித்தானியாவில் ஒரு நாய் 'சம்பியன்' என்னும் பட்டம் பெற வேண்டுமாயின், வெவ்வேறு நடுவர் மூவரிடமிருந்து மூன்று உயர்தகைமைச் சான்றிதழ்களைப் பெறல் வேண்டும்.

அரங்கிற் கழியும் சில நிமிடங்களுக்குப் பின்னே பல மாத உழைப்பு உளது. முரட்டு மயிருள்ள ரெறியர் இனங்களிற் பலவற்றுக்குக் கத்தரி வைத்தல் ஆகாது; வெட்டினால் மயிர் மென்மையாகி நிறமும் மங்கும். ஆதலின் முதிர்ந்த மயிரை விரலாற் பற்றிச் சிறிது சிறிதாகப் பறித்தெடுப்பர். நாயை ஓட்டிச்செல்பவரின் சட்டைப்பையில் வேகவைத்த ஈரற்றுண்டு இருக்கும். காட்சி நாய்க்கு 'இரு' என்னும் கட்டளையை முதலிற் கற்பிக்க அஞ்சுவோரும் உண்டு. நடுவர் முன்னிலையில் நிமிர்ந்து நிற்க வேண்டிய நாய், புகழ்ச்சியை விரும்பிச் சட்டென உட்கார்ந்துவிடும் என்பது அவர்தம் கவலை. இஃது அளவுமீறிய அச்சமே. காட்சிக்கு ஒரு வாரும் பயிற்சிக்கு வேறொரு வாரும் பூட்டினால், எந்த வாரில் எதனைச் செய்வது என்பதை நாய் விரைவில் அறிந்துகொள்ளும்.

இனி வமிசாவளி ஏட்டைப் பற்றிச் சிறிது விரிவாகக் கூறல் வேண்டும். குலமுறை நாயின் நலமும் கேடும் அதிலேயே தங்கியுள்ளன. ஐந்து தலைமுறை காட்டும் வமிசாவளித் தாளில் 2, 4, 8, 16, 32 என மொத்தம் 62 முன்னோரின் பெயர்களுக்கு இடமுண்டு. ஆனால் 62 வெவ்வேறு பெயர்கள் அங்கே காணப்படுதல் அரிது. புகழ்பெற்ற கடுவன் ஒன்றின் பெயர் தந்தை வழியிலும் தாய் வழியிலும் திரும்பத் திரும்ப வரும். இத்தகைய உறவு நெருக்கத்தை எண்ணாற் கூறும் முறையை 1922இல் சூவல் றைற் என்னும் அமெரிக்க அறிஞர் வகுத்தார். தொடர்பற்ற பெற்றோருக்குப் பிறந்த உடன்பிறப்புகள் இரண்டு தம்முட் கூடினால் குட்டியின் எண் நூற்றுக்கு 25; ஒரு தந்தைக்கு வெவ்வேறு தாயர்பாற் பிறந்தவை கூடினால் 12.5. இனத்தின் ஏடு மூடப்பட்டபின், அதாவது பதிவுபெற்ற பெற்றோரின் குட்டியையன்றி வேறெதனையும் ஏற்பதில்லை என்று விதித்தபின், புதுக் குருதி உள்ளே வர வழியில்லை. மறைந்திருந்த குற்றம் இருபக்கத்தாலும் வந்து கூடும்போது நோயாக வெளிப்படும்.

இதற்கு டல்மேசியன் நாயினும் சிறந்த எடுத்துக்காட்டு இல்லை. உடலில் உண்டாகும் யூரிக்கமிலத்தை ஏனைய நாய்கள் கரையக்கூடிய வேறொரு பொருளாக மாற்றிக் கழிக்கின்றன. டல்மேசியன் இனம் முழுவதிலும் பரந்துவிட்ட ஒரு மரபுக்குறையால் அதன் சிறுநீரில் யூரிக்கமிலம் மிகுந்து கல்லாக உறையும். கடுவனிடத்தில் அது சிறுநீர்வழியை அடைத்து உயிருக்கே இறுதியாதலும் உண்டு. தூய டல்மேசியன் எதனிடத்தும் நல்ல மரபணு இல்லாமையால், எத்துணைக் கவனமாகத் தெரிந்து இணைத்தாலும் இக்குறையை நீக்க முடியாது. 1973இல் றொபேட் சைபிள் என்னும் மரபியலறிஞர் ஒரேயொரு முறை டல்மேசியனைப் பொயின்டரோடு இணைத்தார். பிறந்தவற்றுள் நல்ல மரபணுவைப் பெற்றவற்றை மீண்டும் மீண்டும் டல்மேசியனோடே இணைத்துவந்தார். ஐந்து தலைமுறை கழிந்தபின் அவற்றில் எஞ்சும் அயற்குருதி முப்பத்திரண்டில் ஒரு பங்கே. கண்ணாற் பார்த்து வேறுபாடு காண்டல் எளிதன்று. 1981இல் இரண்டு நாய்கள் அமெரிக்கக் கெனல் கழகத்திற் பதியப்பட்டன. உடனே இனக்கழக உறுப்பினர் பலர் தூய்மை கெட்டது என எதிர்த்தெழுந்தனர், பதிவு நிறுத்தப்பட்டது. மீண்டும் அவை ஏற்றுக்கொள்ளப்பட்டது 2011ஆம் ஆண்டிலேயே. பிரித்தானியக் கழகமும் ஏறத்தாழ அக்காலத்திலேயே இவ்வழி வந்த நாய்களுக்கு இடமளித்தது. இடைப்பட்ட முப்பது ஆண்டுகளிற் கல்லடைப்பால் துன்புற்ற நாய்கள் ஏட்டின் தூய்மைக்காகவே துன்புற்றன என்று கூறுதல் மிகையாகாது.

டல்மேசியனுக்கு மற்றுமொரு குறையுண்டு. வெண்ணிறத்தை உண்டாக்கும் நிறமிக்குறைவு உட்செவியையும் தாக்குவதால் சில குட்டிகள் செவிடாகவே பிறக்கின்றன. நம்மவர் அறிந்த இராசபாளையம் நாயினிடத்தும் இக்குறை காணப்படுகிறது. முழு வெண்மையும் இளஞ்சிவப்பு மூக்குமே அதன் அழகென்று கொண்டு அவ்வகைக் குட்டிகளையே தெரிந்து வளர்த்ததன் பயன் இது. 2005இல் இந்திய அஞ்சற்றலையில் இடம்பெற்ற பெருமையும் அந்நாய்க்கு உண்டு.

தோற்றத்தை மிகைப்படுத்தலால் விளைந்த கேட்டுக்குப் புல்டோக் சான்று. எருதோடு நாயை மோதவிடும் கொடிய விளையாட்டு 1835இற் சட்டத்தால் தடுக்கப்பட்டபின் அந்நாய்க்குத் தொழில் இல்லாதொழிந்தது. அதன்பின் குட்டை முகமும் பெருந்தலையுமே போற்றப்பட்டன. மூச்சு முட்டுகிறது, தலை பெருத்தமையால் குட்டிகளை ஈனவும் இயலவில்லை. பிரித்தானியாவில் 2010இல் வெளிவந்த ஆய்வொன்று இவ்வினத்தில் நூற்றுக்கு 80க்கு மேற்பட்ட ஈற்றுகள் சத்திரசிகிச்சையாலேயே நடைபெற்றன எனக் கண்டது. தானாக ஈன முடியாத விலங்கைப் பரிசுக்குரியதென நிறுத்துதல் எவ்வகையில் முறையாகும்? 2008இல் பிபிசி ஒளிபரப்பிய விவரணப் படமொன்று இவற்றைப் பொதுமக்கள் முன் வைத்தபின்னரே நிலைமை அசைந்தது. மறு ஆண்டிலிருந்து பெற்றோர்–பிள்ளை, உடன்பிறப்பு ஆகிய இணைவுகளின் குட்டிகளைக் கெனல் கழகம் பதிவதில்லை. 2012ஆம் ஆண்டுக் கிறவ்ற்ஸ் காட்சியில் 15 இனங்களில் முதற்பரிசு பெற்ற நாய்களை மிருக வைத்தியர் தனியே சோதித்தனர். புல்டோக்கும் பெக்கினீசும் முதல்நாளிலேயே தவறின.

பயிற்சிக்கு வருவோம். 1910இல் கொன்றாட் மோஸ்ற் என்னும் செருமானியர் எழுதிய நூல் நெடுங்காலம் வழிகாட்டியாக விளங்கிற்று. அவர் முறையிற் கடிந்தடக்கல் மிகுதி. அம்முறைக்கு ஆதரவாக ஓநாய்க்கூட்டத் தலைமைக் கொள்கையும் பின்னர் வந்து சேர்ந்தது. நாய் ஓநாய்வழி வந்தது. ஓநாய்க்கூட்டத்தில் வலியது தலைமை கொள்ளும். ஆதலின் மனிதன் நாயை அடக்கித் தலைவனாக வேண்டும் என்பது அதன் வாதம். இதற்கு அடிப்படை 1947இல் செங்கல் என்பார் விலங்குச்சாலையில் அடைபட்ட ஓநாய்களைக் கண்டு எழுதியதேயாம். காட்டோநாய்களைப் பல்லாண்டு ஆராய்ந்த டேவிட் மீச், அவற்றின் கூட்டம் தாய் தந்தை குட்டிகள் அடங்கிய குடும்பமே என 1999இல் எடுத்துக்காட்டினார். தாமே முன்னர் எழுதிப் பரப்பிய கருத்தை அவர் திருத்திக்கொண்டமை குறிப்பிடத்தக்கது.

இக்காலப் பயிற்சியின் உயிர்நாடி காலந்தவறாமையே. விரும்பிய செயலை நாய் செய்த அக்கணத்திலேயே அடையாளவொலி எழல் வேண்டும்; உணவு ஓரிரு கணம் தாழ்ந்து வரலாம். கையில் அடங்கும் சிறு 'கிளிக்' கருவி இதற்கே பயன்படுகிறது. செவிட்டு நாய்க்கு ஒலியின் இடத்திற் கைச்சைகை போதும். அதுவும் அவ்வாறே கற்கும். பயிற்சியினும் முந்தியது பழக்கம். ஸ்கொற், புல்லர் என்னும் இருவர் 1965இல் வெளியிட்ட நூலின்படி, ஏறத்தாழ மூன்றாம் வாரம் முதற் பன்னிரண்டாம் வாரம் வரையுமே குட்டி மனிதரையும் பிற நாய்களையும் இயல்பாக ஏற்கும் பருவம். அப்பருவத்தைக் கூட்டிலேயே கழித்த நாய், வமிசாவளி எத்துணை நீண்டதாயினும், தெருவில் அஞ்சி நடுங்கும்.

இனக்கழகத்தார் நடத்தும் கூட்டுலா இப்பழக்கத்தின் தொடர்ச்சியே. ஒரே இனத்தை வளர்ப்போர் மாதத்தில் ஒருநாள் கடற்கரையிலோ புல்வெளியிலோ கூடி நாய்களோடு நடப்பர். முன்பின் அறியாத நாய்களை நேருக்கு நேர் நிறுத்துதல் தவறு. நாயுலகில் நேர்ப்பார்வை சண்டைக்கு அழைப்பு. எனவே வாரிற் பிடித்தபடி, இடைவெளிவிட்டு, ஒரே திசையில் இணையாக நடத்திச் சென்று, பின்னரே மெல்ல நெருங்கவிடுவர். பருவத்திலிருக்கும் பெட்டையைக் கொண்டுவரலாகாது. குட்டிகள் பாதிவழியில் திரும்பும்.

காட்சியினும் கூட்டுலாவையே யான் மேலானதாக மதிப்பேன். ஒரே ஈற்றிற் பிறந்து வெவ்வேறு வீடு சென்ற குட்டிகள் அங்கே வளர்ந்த நிலையிற் காணப்படுகின்றன. கவலியர் என்னும் சிறு நாயின் இதயவால்வு நோய் ஐந்தாறு வயதளவிற் பலவற்றில் தலைகாட்டும். அதற்குள் கடுவன் பரிசும் பெற்றுப் பல குட்டிகளுக்குத் தந்தையும் ஆகியிருக்கும். ஆதலினாலேயே இரண்டரை வயதுக்குமுன் இணைத்தல் கூடாதென்றும், பாட்டன் பாட்டியரின் இதயம் ஐந்து வயதிற் குற்றமற்றதா எனப் பார்த்தல் வேண்டுமென்றும் இதய வைத்தியர் கூறுவர். பரிசுக் கூடத்தில் எவரும் தம் நாயின் நோயைப் பேசார். நடக்கும்போது பேசுவர், 'உம்முடையதும் மாடிப்படியில் இளைக்கிறதா?' என்ற கேள்வி அங்கேதான் எழும். வளர்ப்பவர் உடன் வந்தால், அடுத்த ஈற்றுக்கு எதனை எதனோடு இணைத்தல் கூடாது என்பதை அவ்விடத்திலேயே அறிந்துகொள்வார்.

வேனிலிற் கூட்டுலாவைக் காலையிலேயே முடித்துவிடுதல் நன்று. நாய்க்கு வியர்வையால் உடல் குளிர்வது மிகக் குறைவு; இளைப்பதே அதற்கு வழி. குட்டை முகத்தவை அதுவும் மாட்டாமல் முதலில் தளர்ந்து படுக்கும். அவற்றுக்கெனக் குறுகிய பாதையொன்றை முன்னரே தெரிந்துவைப்பர். ஆடு மேயும் வெளி வந்ததும் எல்லா நாய்களுக்கும் வார் பூட்டவேண்டும். இங்கிலாந்தில் ஆட்டை நாய் துரத்துதல் 1953ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். வேறு வழியில்லாதவிடத்துப் பண்ணையாளன் அந்நாயைச் சுட்டாலும் 1971ஆம் ஆண்டுச் சட்டம் அவனைக் காக்கும். பரிசுபெற்ற நாய்க்கும் இதில் விலக்கில்லை.