கையொப்பம் மாறும்போது நரம்புகள் சொல்வது

கணக்குத் தொடங்கிய நாளில் இட்ட மாதிரிக் கையொப்பம் முப்பது ஆண்டுகள் கழித்தும் அப்படியே இருக்க வேண்டும் என்று வங்கி எதிர்பார்க்கிறது. உடல் அப்படி எந்த உறுதிமொழியும் அளித்ததில்லை. 'கையொப்பம் மாறுபடுகிறது' என்ற குறிப்புடன் காசோலை திரும்பி வரும்போது, முதியவர்கள் பலர் அதைத் தமக்கு நேர்ந்த அவமானமாகவே கொள்கிறார்கள். அடுத்த முறை கிளைக்கு வரவே கூச்சப்படுகிறார்கள். சிலர் ஏடிஎம் அட்டையையும் அதன் இரகசிய எண்ணையும் அக்கம்பக்கத்தாரிடம் கொடுத்துவிட்டு வீட்டிலேயே இருந்துவிடுகிறார்கள். மூட்டுவலியும் பார்வைக் குறைவும் கையெழுத்தை மாற்றுவதுண்டு. ஆயினும், காரணம் புலப்படாமல் மாறிய கையொப்பம் பல நேரங்களில் நரம்பு மண்டலம் அனுப்பும் முதல் செய்தியாக இருக்கிறது. அச்செய்தியை நரம்பியல் எவ்வாறு படிக்கிறது என்பதை இங்கே காண்போம்.

கையொப்பம் இடுவது இரண்டு நொடி வேலை. அதற்குள் நடப்பவையோ பல. மூளையின் மேற்பரப்பில் உள்ள இயக்கப் பகுதி கட்டளையைப் பிறப்பிக்கிறது. வலக்கையால் எழுதுபவருக்கு அது மூளையின் இடப்பக்கத்தில் உள்ளது. அசைவின் அளவையும் வேகத்தையும் மூளையின் ஆழத்தில் உள்ள அடித்தள நரம்பணுத் திரள்கள் சீர்செய்கின்றன. கோடு தடம் விலகாமல் சிறுமூளை கண்காணிக்கிறது. கட்டளை தண்டுவடம் வழியே கழுத்துக்கு இறங்கி, அங்கிருந்து கை நரம்புகளில் ஓடி விரல் தசைகளை அடைகிறது. பேனாவை எவ்வளவு அழுத்துகிறோம் என்ற தகவல் அதே வேளையில் உணர்வு நரம்புகள் வழியே மேலே திரும்புகிறது. இந்தப் பாதையில் எந்த இடம் பழுதுபட்டாலும் எழுத்து மாறும். இடத்துக்கு இடம் மாறும் விதம் வேறுபடும் என்பதுதான் மருத்துவருக்குக் கைகொடுக்கிறது.

நரம்பியல் என்ற துறைக்கு மேலை நாட்டில் பெயர் சூட்டியவர் ஆங்கிலேய மருத்துவர் தாமஸ் வில்லிஸ்; 1664-இல் வெளிவந்த மூளை உடற்கூறு பற்றிய தம் நூலில் அச்சொல்லைப் பயன்படுத்தினார். எம்.ஆர்.ஐ. போன்ற படக்கருவிகள் வந்துவிட்ட இக்காலத்திலும், நரம்பியல் மருத்துவர் நோயாளியை நடக்கச் சொல்கிறார், விரலால் மூக்கைத் தொடச் சொல்கிறார், ஒரு தாளைக் கொடுத்து நான்கு வரி எழுதச் சொல்கிறார். பழுது எங்கே என்பதை முதலில் கண்டு, அது என்ன என்பதைப் பிறகு தேடுவது அத்துறையின் முறை.

முதுமையில் எழுத்தை மாற்றும் நோய்களில் முதலில் நினைவுக்கு வருவது பார்க்கின்சன் நோய், அதாவது நடுக்குவாதம். லண்டன் மருத்துவரான ஜேம்ஸ் பார்க்கின்சன் 1817-இல் இதைப் பற்றிச் சிறு நூல் ஒன்று எழுதினார். அதில் அவர் விவரித்த நோயாளிகள் ஆறு பேர்தான். அவர்களில் மூவர் அவர் தெருவில் கண்டவர்கள். கூர்ந்து பார்க்கும் கண்ணுக்குத் தெருவும் ஒரு மருத்துவமனைதான் போலும். மூளைத்தண்டின் மேற்பகுதியில் கருநிறமாகத் தோன்றும் ஒரு சிறு பகுதியின் நரம்பணுக்கள் டோபமின் என்னும் வேதிப்பொருளைச் சுரக்கின்றன. அவை சிறிது சிறிதாக அழிவதே இந்நோய். அறிகுறிகள் வெளியே தெரியும் வேளையில் அவற்றுள் கணிசமான பகுதி ஏற்கெனவே அழிந்திருக்கும்.

நடுக்கத்தை மட்டுமே எதிர்பார்ப்பவர் இந்நோயைத் தவறவிடக்கூடும். இதில் கையெழுத்து நடுங்குவதைவிடச் சுருங்குவதே அதிகம். முதற்சொல் வழக்கமான அளவில் தொடங்கும். வரி முடிவதற்குள் எழுத்துகள் எறும்பு போலச் சிறுத்துவிடும். நடக்கும்போது ஒரு கை வீசாமல் இருத்தல், முகபாவம் குறைதல், குரல் தணிதல், சட்டைப் பொத்தான் போட நேரமாதல், மணம் தெரியாமை ஆகியனவும் உடன் வரலாம். நடுக்கம் இருந்தால், கை ஓய்வாக மடிமீது கிடக்கும்போதே அது தெளிவாகத் தெரியும். தொடக்கத்தில் பெரும்பாலும் ஒரு பக்கமாகவே இருக்கும்.

டோபமின் குறைவை ஈடுசெய்ய 1960-களின் பிற்பகுதியில் வழக்குக்கு வந்த லெவோடோபா இன்றும் முதன்மை மருந்தாக விளங்குகிறது. இதில் நம் நாட்டுக்கும் ஒரு பங்குண்டு. பூனைக்காலி விதையில் இப்பொருள் இருப்பதை 1937-இல் சென்னையில் தாமோதரன், ராமசாமி என்னும் இரு ஆய்வாளர்கள் பிரித்தெடுத்துக் காட்டினர். அதற்காகக் கடையில் கிடைக்கும் பூனைக்காலிப் பொடியை மாத்திரைக்குப் பதிலாகத் தாமே உட்கொள்வது சரியன்று. அளவு கூடினாலும் குறைந்தாலும் தொல்லை. மருந்தைத் திடீரென நிறுத்துவது ஆபத்து.

கை நடுங்குவதெல்லாம் பார்க்கின்சன் நோயும் ஆகாது. காபிக் குவளையைத் தூக்கும்போதும் பேனாவைப் பிடிக்கும்போதும் மட்டும் நடுங்கி, ஓய்வில் அடங்கிவிடும் நடுக்கம் பரவலாகக் காணப்படுகிறது. இதில் எழுத்து சிறுப்பதில்லை; பெரிதாக, அலையலையாக வரும். பல குடும்பங்களில் இது தலைமுறைதோறும் தொடர்கிறது. தைராய்டு மிகுதியும், ஆஸ்துமாவுக்கான சில மருந்துகளும்கூடக் கையை நடுங்கச் செய்யும். பல ஆண்டுகள் கணக்கெழுதியவர்களுக்கு எழுதும்போது மட்டும் விரல்கள் இறுகிக்கொள்ளும் ஒரு கோளாறும் உண்டு. அவர்களால் மற்ற வேலைகளை இயல்பாகச் செய்ய முடியும். இவை ஒவ்வொன்றுக்கும் மருத்துவம் வேறு.

நேற்றுவரை நன்றாக எழுதிய கை இன்று பேனாவைப் பிடிக்க மறுத்தால் காத்திருக்கலாகாது. வாய் கோணுதல், ஒரு கை தளர்தல், பேச்சுக் குழறுதல் ஆகியவற்றில் ஒன்று திடீரெனத் தோன்றினாலும் அதைப் பக்கவாதம் என்றே கருதி 108-ஐ அழைக்க வேண்டும். இரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசியை அறிகுறி தொடங்கியதிலிருந்து நாலரை மணி நேரத்துக்குள் போட்டாக வேண்டும். தானே சரியாகிவிட்டாலும் மருத்துவமனைக்குச் செல்வதே முறை.

இவற்றுக்கு நேர்மாறானது மறதிநோய். பல்லாண்டுப் பழக்கத்தால் கையில் ஊறிப்போன கையொப்பம் கடைசி வரை அழகாகவே இருக்கக்கூடும். எதற்காக அதை இடுகிறோம் என்பதுதான் நழுவிவிடும். ஒரே கட்டணத்தை இருமுறை செலுத்துவதும், இரகசிய எண்ணை அடிக்கடி மறப்பதும், தொலைபேசியில் பேசும் முன்பின் தெரியாதவரை நம்பிவிடுவதும் குடும்பத்தார் கவனிக்க வேண்டியவை. இங்கே சட்ட நுணுக்கம் ஒன்றையும் அறிந்திருக்க வேண்டும். அதிகார ஆவணம் எழுதிக்கொடுத்தவர் மனத்தெளிவை இழந்தால், இந்திய ஒப்பந்தச் சட்டப்படி அந்த அதிகாரம் முடிவுக்கு வந்துவிடும். 'அப்பாதான் எழுதிக் கொடுத்திருக்கிறாரே' என்று இருந்துவிடும் பிள்ளைகள் பின்னர் நீதிமன்றத்தை நாட நேரிடலாம். ஆகவே கூட்டுக் கணக்கு, நியமனதாரர் பதிவு, உயில் போன்றவற்றைத் தெளிவாக முடிவெடுக்க இயலும் காலத்திலேயே செய்துவிடுவது நலம்.

கையொப்பம் மாறிவிட்டதென்பதால் எவரும் தம் பணத்தைப் பிறர் கையில் விட வேண்டியதில்லை. அடையாளச் சான்றுகளுடன் கிளைக்கு வந்து புதிய மாதிரிக் கையொப்பத்தைப் பதிவு செய்துகொள்ளலாம். கையொப்பமே இட இயலாதவர்களுக்கு ரிசர்வ் வங்கியின் நெறிமுறைகள் வழி செய்துள்ளன. பெருவிரல் ரேகையோ கால்விரல் ரேகையோ வைக்கலாம். அதுவும் முடியாதவர் ஏதேனும் ஓர் அடையாளக் குறி இடலாம். வங்கி அறிந்த இருவர் அதற்குச் சாட்சியாக வேண்டும். அவர்களில் ஒருவர் பொறுப்புள்ள வங்கி அலுவலராக இருக்க வேண்டும். 70 வயதைக் கடந்தவர்களுக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் வீட்டுக்கே வந்து அடிப்படைச் சேவைகளை அளிக்குமாறு 2017-இல் வங்கிகள் அறிவுறுத்தப்பட்டன. மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம் 2016, பார்க்கின்சன் நோயையும் தன் பட்டியலில் சேர்த்துள்ளது.

பார்க்கின்சன் நோய்க்கு மருந்து உட்கொள்பவர்கள், மாத்திரை நன்கு வேலை செய்யும் வேளையைப் பார்த்துக் கிளைக்கு வருவது நல்லது. பெரும்பாலோர்க்கு எழுத்து அப்போது தெளிவாக வரும். கோடிட்ட தாளில் எழுதினால் எழுத்து சுருங்குவது குறைகிறது. ஆகவே கையொப்பமிடும் இடத்தில் பென்சிலால் மெல்லிய கோடு ஒன்று போட்டுத் தருமாறு முகப்பில் உள்ள ஊழியரைத் தயங்காமல் கேட்கலாம். ஓய்வூதியர்கள் வாழ்நாள் சான்றிதழுக்காகக் கையொப்பம் இடவோ ரேகை வைக்கவோ சிரமப்பட வேண்டியதில்லை. ஜீவன் பிரமாண் முறையில் கைப்பேசி வழியாக முகத்தைக் காட்டியே அதைப் பதிவு செய்துவிடலாம்.