பேனா யார் கையில்? - 7: ஐந்து சதவீதச் சண்டை

ஜப்பானின் அரசியல் சாசன வரைவை அமெரிக்கத் தளபதி மெக்கார்த்தரின் அதிகாரிகள் ஒரே வாரத்தில் எழுதி முடித்ததைச் சென்ற வாரம் பார்த்தோம். போரில் வென்றவன் எழுதினான், தோற்றவன் கையெழுத்திட்டான். யாருமே முழுதாக வெல்லாத நாட்டில் என்ன நடக்கும்? தென்னாப்பிரிக்காவுக்குப் போவோம்.

1991 டிசம்பரில், ஜோஹன்னஸ்பர்க் அருகே கெம்ப்டன் பார்க்கில் நிறவெறி ஆட்சியை முடிவுக்குக் கொண்டுவரும் பேச்சுவார்த்தைக்கு 19 தரப்புகள் கூடின. மக்கள் தேர்ந்தெடுக்கும் சபைதான் சாசனத்தை எழுத வேண்டும் என்றது மண்டேலாவின் ஆப்பிரிக்க தேசிய காங்கிரஸ். முதலில் கட்சிகள் கூடி எழுதுவோம், தேர்தல் பிறகு என்றது வெள்ளையர் ஆட்சியை நடத்திய அதிபர் டி கிளார்க்கின் தேசியக் கட்சி. இரண்டுமே கொள்கையாகத்தான் பேசப்பட்டன. இரண்டுக்கும் அடியில் இருந்தது வாக்குக் கணக்கு. தேர்தல் வந்தால் கறுப்பினப் பெரும்பான்மை யாரை ஜெயிக்க வைக்கும் என்பது எல்லோருக்கும் தெரியும்.

1992 மே மாதம் பேச்சு முட்டி நின்றது ஒரு எண்ணில். சாசனத்தின் முக்கியப் பகுதிகளை நிறைவேற்ற 70 சதவீத வாக்கு போதுமா, 75 வேண்டுமா? 75 என்றால், கால் பங்குக்குச் சற்று மேல் கையில் இருந்தாலே எதையும் தடுத்துவிடலாம். வெள்ளையர் கட்சிக்கு அந்த ஐந்து சதவீதம் உயிர்நாடி. அடுத்த மாதம் பாய்படாங் என்ற கறுப்பினக் குடியிருப்பில் 40க்கும் மேற்பட்டோர் படுகொலை செய்யப்பட, மண்டேலா பேச்சையே நிறுத்தினார். மண்டேலா தரப்பின் ராமபோசாவும் அரசுத் தரப்பின் ரோல்ஃப் மேயரும் மட்டும் தொடர்பை அறுத்துக்கொள்ளவில்லை.

முடிச்சை அவிழ்த்தவர் மண்டேலாவின் அணியில் இருந்த ஒரு கம்யூனிஸ்ட். சில ஆண்டுகளுக்குக் கூட்டணி ஆட்சி நடத்துவோம், பழைய அரசு ஊழியர்களின் வேலைக்கும் உத்தரவாதம் தருவோம் என்றார் ஜோ ஸ்லோவோ. அவரே சொன்ன பிறகு, இயக்கத்தின் தீவிரர்களால் அதைத் துரோகம் என்று ஒதுக்க முடியவில்லை.

கடைசியில் இரண்டு கட்ட ஏற்பாடு வந்தது. 1993இல் கட்சிகள் சேர்ந்து ஒரு தற்காலிகச் சாசனமும் 34 அடிப்படைக் கோட்பாடுகளும் எழுதின. 1994 ஏப்ரலில் தேர்தல். வென்ற சபை இறுதிச் சாசனத்தை மூன்றில் இரண்டு பங்கு வாக்கில் நிறைவேற்றலாம். ஆனால் அது அந்த 34 கோட்பாடுகளுக்கு உட்பட்டதா என்று அரசமைப்பு நீதிமன்றம் சான்று தர வேண்டும். மண்டேலாவின் கட்சி பெற்றது 62.65 சதவீதம். ஆட்சி கிடைத்தது, தனியாக எழுதும் பலம் கிடைக்கவில்லை.

1996 செப்டம்பரில் நீதிமன்றம் வரைவைத் திருப்பி அனுப்பியது. மாகாணங்களின் அதிகாரம் போதாது என்பது காரணங்களில் ஒன்று. தேர்ந்தெடுக்கப்பட்ட சபை தலைவணங்கித் திருத்தியது. டிசம்பர் 10 அன்று ஷார்ப்வில்லில் மண்டேலா கையெழுத்திட்டார்.

இந்த ஏற்பாட்டுக்கு விலையும் உண்டு. இழப்பீடு தராமல் நிலம் எடுக்க வழிசெய்யும் திருத்தம் 2021 டிசம்பரில் வாக்கெடுப்புக்கு வந்தது. தேவை 267 வாக்குகள், கிடைத்தவை 204. ஒரு காலத்தில் பிடுங்கப்பட்ட நிலத்தைக் கேட்பவர்களுக்கும் அதே மூன்றில் இரண்டு பங்குதான் பூட்டு. சாசனத்தை எழுதும் விதியை யார் வகுக்கிறார்களோ, அவர்கள் தோற்ற பிறகும் அந்தச் சபையில் வாக்களித்துக்கொண்டேதான் இருக்கிறார்கள்.

அடுத்த வாரம்: இரண்டு முறை எழுதி, இரண்டு முறையும் மக்களே நிராகரித்த சிலி.

(தொடரும்)