புதிய அப்டேட் வரட்டும், பழையதை அழிக்க வேண்டாம்

நம் கடைகளில் பில் போடும் கம்ப்யூட்டருக்கு அடிக்கடி 'அப்டேட்' வருகிறது. சர்வீஸ் பார்க்கும் தம்பி வந்து, பழைய மென்பொருளின் மேலேயே புதியதைப் போட்டுவிட்டுப் போய்விடுகிறார். மறுநாள் காலை வரி தப்பாக விழுந்தாலோ, பில் பாதியில் நின்றாலோ திரும்பிப் போக வழியில்லை. வாசலில் லோடு வண்டி காத்திருக்கும்; ரங்கே கவுடர் வீதியில் வண்டியை எவ்வளவு நேரம் நிறுத்தி வைக்க முடியும் என்பது நமக்குத் தெரியும்.

அதற்காக அப்டேட்டே வேண்டாம் என்று இருந்துவிடவும் முடியாது. 2023 ஆகஸ்ட் 1 முதல், ஆண்டு விற்றுமுதல் 5 கோடி ரூபாயைத் தாண்டிய வணிகர்கள், ஜி.எஸ்.டி. பதிவுள்ளவர்களுக்குப் போடும் பில்லை இ-இன்வாய்ஸாகப் போட வேண்டும் என்று ஆனது. 2025 செப்டம்பர் 22-ல், நவராத்திரி தொடங்கிய நாளிலேயே வரி விகிதங்கள் மாறின. நெய் 12 சதவீதத்திலிருந்தும், பிஸ்கட்டும் குளியல் சோப்பும் 18 சதவீதத்திலிருந்தும் 5 சதவீதத்துக்கு வந்தன. சட்டம் மாறும்போது மென்பொருளும் மாறித்தான் ஆக வேண்டும்.

புதுக் கணக்கு போடும்போது பழைய பேரேட்டை நாம் எடைக்குப் போட்டுவிடுவதில்லை. கட்டி அட்டாலியில் வைக்கிறோம். கம்ப்யூட்டரிலும் அதையே செய்யலாம். பழைய பதிப்பு இருக்கும் போல்டரைத் தொடாமல், புதியதை வேறு பெயரில் தனிப் போல்டரில் போடச் சொல்ல வேண்டும். டேலி போன்ற கணக்கு மென்பொருள்களில் எந்தப் போல்டரில் போடுவது என்பதை நாமே கொடுக்கலாம். இரண்டுக்கும் உரிமம் செல்லுமா என்று விற்றவரிடம் முன்கூட்டியே கேட்டுக்கொள்வது நல்லது.

முக்கியமாகக் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. மென்பொருள் வேறு, அதற்குள் இருக்கும் நம் கணக்கு வேறு. 2023-ல் டேலி பிரைம் 3.0 வந்தபோது, பழைய கணக்கைப் புதிய முறைக்கு மாற்றித்தான் திறக்க முடிந்தது. அப்படி மாற்றிய கணக்கு பழைய பதிப்பில் திறக்காது. ஆகவே பழைய மென்பொருளை மட்டும் வைத்துக்கொண்டு பயனில்லை. மாற்றுவதற்கு முந்தைய கணக்கும் தனியாக இருக்க வேண்டும். அதை ஒரு பென் டிரைவிலும், வேறொரு கம்ப்யூட்டரிலுமாக இரண்டு இடத்தில் வைத்து, ஒரு தடவை திறந்தும் பார்த்துவிட வேண்டும். திறந்து பார்க்காத பேக்கப்பை நம்ப முடியாது.

கணக்கின் நகலைப் புதிய பதிப்பில் ஏற்றி, நேற்றுப் போட்ட பில்களில் ஒரு இருபதை அதில் மறுபடியும் போட்டுப் பாருங்கள். 25 கிலோ வரை பாக்கெட் போட்டு லேபிள் ஒட்டிய அரிசிக்கு 5 சதவீதம் வரி, 26 கிலோ மூட்டைக்கு வரி இல்லை. இந்த இரண்டும் சரியாக வருகிறதா, தள்ளுபடி போட்ட பில்லில் வரி சரியா, பார்ட்டி பாக்கியும் சரக்கு இருப்பும் ஒத்துப்போகின்றனவா என்று பழையதோடு ஒப்பிட வேண்டும்.

சோதனைப் பில்லை இ-இன்வாய்ஸுக்கோ, இ-வே பில்லுக்கோ அனுப்பிவிடக் கூடாது. அரசுத் தளத்தில் ஏறிவிட்டால் அது உண்மையான பில்தான். 24 மணி நேரத்துக்குள்தான் அங்கே ரத்து செய்ய முடியும். சோதனை முடியும்வரை புதிய பதிப்பில் அந்த இணைப்பைக் கொடுக்காமல் இருப்பதே பாதுகாப்பு.

எல்லாம் சரியென்றால், கடை விடுமுறை நாளில் அன்றைய தேதி வரையிலான கணக்கை ஏற்றி, புதியதற்கு மாறலாம். ரிட்டர்ன் போடும் 11, 20 தேதிகளை ஒட்டி வேண்டாம். மாறிய பிறகு ஒரு பையன் பழையதிலும் இன்னொரு பையன் புதியதிலும் பில் போடக் கூடாது. பில் எண் வரிசையாகவும், ஒரு நிதியாண்டில் ஒரே எண் இரண்டு முறை வராமலும் இருக்க வேண்டும் என்பது சட்டம்.

திரும்ப வேண்டி வந்தால், மாறிய பிறகு போட்ட பில்களை அதே எண், அதே தேதியில் பழையதில் மீண்டும் ஏற்ற வேண்டும். அதற்காக அன்றாடப் பில் நகல்களையும் வரவுச் சீட்டுகளையும் கட்டி வையுங்கள். நாள் போகப் போக ஏற்ற வேண்டியவை கூடும் என்பதால், குறை தெரிந்தவுடன் முடிவெடுப்பது நல்லது.

பெரிய நிறுவனங்களுக்கும் இந்தச் சங்கடம் உண்டு. 2024 ஜூலை 19-ல் கிரவுட்ஸ்டிரைக் என்ற பாதுகாப்பு மென்பொருளின் தவறான அப்டேட்டால் உலகெங்கும் சுமார் 85 லட்சம் விண்டோஸ் கம்ப்யூட்டர்கள் முடங்கின. நம் நாட்டு விமான நிலையங்களில் போர்டிங் பாஸைக் கையால் எழுதிக் கொடுத்தார்கள்.

புதியதில் ஒரு மாதக் கணக்கை முடித்து, ரிட்டர்னும் போட்டான பின்பு பழையதன் நினைவு தேவைப்படாது. அப்போதும் அழிக்க வேண்டாம். ஆண்டு ரிட்டர்ன் கெடு நாளிலிருந்து 72 மாதம் கணக்குகளை வைத்திருக்க வேண்டும் என்பது ஜி.எஸ்.டி. சட்டம். அதிகாரி வந்து கேட்கும் நாளில் பழைய கணக்கைத் திறக்கப் பழைய பதிப்பு தேவைப்படலாம். அடுத்த முறை சர்வீஸ் தம்பி வந்தால், "மேலேயே போடாதீங்க தம்பி, தனியாப் போடுங்க" என்று சொல்லிவிட்டு, முடியும்வரை பக்கத்தில் இருந்து பார்த்துக்கொள்ளுங்கள்.