வெள்ளியங்கிரி மலையேற்றமும் குளிர் இடர்களும்

வெள்ளியங்கிரி மலை, கோயம்புத்தூருக்கு மேற்கே மேற்குத் தொடர்ச்சி மலையில் போளுவாம்பட்டி வனச்சரகத்தில் அமைந்துள்ளது. பூண்டி அடிவாரக் கோயிலிலிருந்து ஏழு மலைகளைக் கடந்து, ஏறத்தாழ 6,000 அடி உயரத்தில் உள்ள சுயம்பு லிங்கத்தைப் பக்தர்கள் வழிபடுகின்றனர். வழக்கமாகப் பிப்ரவரி முதல் மே வரை வனத்துறை அனுமதி அளிக்கிறது. மகா சிவராத்திரி, சித்ரா பௌர்ணமி நாட்களில் கூட்டம் மிகுதியாக இருக்கும்.

இமயமலையைப் போல இங்கு பனிச்சரிவு கிடையாது. எனினும் 2024ஆம் ஆண்டுப் பருவத்தில் மலையேறியோர் பலர் உயிரிழந்தனர். இதய நோய், மூச்சுக் கோளாறு உள்ளவர்கள் ஏற வேண்டாம் என வனத்துறை அறிவுறுத்தி வருகிறது.

குளிர் கூடும் விதம்

உயரம் 1,000 மீட்டர் கூடினால் வெப்பநிலை சராசரியாக 6.5 பாகை செல்சியசு குறையும். ஆகவே அடிவாரத்தில் புழுக்கமாக இருக்கும் இரவிலும் உச்சியில் கடுங்குளிர் இருக்கலாம். மேல்மலைகள் புல்வெளியாக இருப்பதால் காற்றைத் தடுக்க மரங்கள் குறைவு. ஏறும்போது வியர்வையில் நனைந்த சட்டை, காற்று பட்டவுடன் உடல் வெப்பத்தை வேகமாக இழக்கச் செய்கிறது. ஏப்ரல், மே மாதங்களில் இடியுடன் கூடிய கோடை மழையும் திடீரெனப் பெய்யும்.

உடலில் நிகழ்வது

மேலே பிராணவாயு இல்லாததால்தான் மூச்சு முட்டுகிறது என்பது பொதுவான நம்பிக்கை. ஆனால் உயர்மலை நோய் பெரும்பாலும் 2,500 மீட்டருக்கு மேலேதான் தோன்றும். வெள்ளியங்கிரியின் உச்சி அதைவிடத் தாழ்வானது. இங்கு முதன்மையான சுமை, செங்குத்தான ஏற்றத்தில் இதயம் செய்யும் கடும் உழைப்பு. குளிர் இரத்தக் குழாய்களைச் சுருக்கி அச்சுமையைக் கூட்டுகிறது. ஆறாம் மலையின் ஆண்டி சுனையில், களைத்து வியர்த்த உடலோடு உடனே குளிப்பது இரத்த அழுத்தத்தைத் திடீரென உயர்த்தும்.

உடல் வெப்பநிலை 35 பாகைக்குக் கீழே இறங்குவது தாழ்வெப்ப நிலை எனப்படும். இதற்கு உறைபனி தேவையில்லை. ஈரமும் காற்றுமே போதும். நடுக்கம், தடுமாற்றம், குழறிய பேச்சு ஆகியவை இதன் அறிகுறிகள்.

பாதுகாப்பு முறைகள்

* முன்னதாகவே மருத்துவப் பரிசோதனை செய்துகொள்ளுதல். சில வாரங்கள் நடைப்பயிற்சி மேற்கொள்ளுதல்.
* மாற்றுச் சட்டை, கம்பளி, குல்லா, மழைச்சட்டை, மூங்கில் தடி ஆகியவற்றை எடுத்துச் செல்லுதல்.
* பேச்சு முட்டாத வேகத்தில் ஏறுதல். அடிக்கடி இளைப்பாறி நீர் அருந்துதல்.
* குளிரில் நடுங்குபவரின் ஈர உடையைக் களைந்து, போர்த்தி, நினைவோடு இருந்தால் சூடான இனிப்புப் பானம் தருதல். மது தரக்கூடாது.
* நெஞ்சுவலி, தலைச்சுற்றல் வந்தால் அங்கேயே ஏற்றத்தை நிறுத்தி, உடனிருப்போர் மூலம் வனப் பணியாளரை அழைத்தல்.

மலைப்பாதையில் ஊர்தி செல்லாது. நோயுற்றவரை ஆட்கள் தூக்கித்தான் இறக்க வேண்டும். அதற்குப் பல மணி நேரம் ஆகலாம். எனவே ஏழாம் மலையை எட்டாமல் திரும்புவது குறையாகாது; உடல் தளரும்போது திரும்பிவிடுவதே உயிரைக் காக்கும் வழியாகும்.