எம்டனும் பழைய புத்தகமும்

அடங்காத பிள்ளையை "சரியான எம்டன்!" என்பது நம் வீடுகளில் வழங்கும் சொல். பெங்களூரில் பிறந்து, கன்னடமும் ஆங்கிலமும் கலந்து பேசி வளரும் நம் குழந்தைகளின் காதிலும் அது விழுகின்றது. ஆனால், அது ஒரு போர்க்கப்பலின் பெயர் என்பதை அறிந்தோர் சிலரே.

1914 செப்டம்பர் 22ஆம் நாள் இரவு, ஜெர்மானியக் கப்பலாகிய எம்டன் சென்னைக் கடற்கரையை அணுகி, நூற்றுக்கு மேற்பட்ட குண்டுகளை வீசிற்று. துறைமுகத்தருகே பர்மா ஆயில் கம்பெனியின் எண்ணெய்த் தொட்டிகள் பற்றி எரிந்தன. அஞ்சிய மக்கள் ஆயிரக்கணக்கில் ஊரை விட்டு வெளியேறினர். நவம்பர் 9இல் கோகோஸ் தீவருகே ஆஸ்திரேலியாவின் சிட்னி என்னும் கப்பல் எம்டனை வீழ்த்தியது. அதன் பெயரோ தமிழில் தங்கிவிட்டது.

இவ்வரலாற்றைப் படங்களுடன் கூறும் பழைய நூல்களைத் தேடிச் சேர்ப்பது பயனுள்ள பொழுதுபோக்காகும். எம்டனின் துணைத் தலைவராயிருந்த ஹெல்முத் ஃபான் மூக்கெ 1915இலேயே அதன் கதையை எழுதினார். இரண்டாம் உலகப் போரில் இந்தியக் கடற்படை ஆற்றிய பணியைக் காலின்ஸ் எழுதிய 1964ஆம் ஆண்டு நூல் விளக்குகின்றது. 1942 நவம்பரில் 'பெங்கால்' என்னும் நம் சிறு கப்பல், தன்னைவிடப் பன்மடங்கு பெரிய இரு ஜப்பானியக் கப்பல்களை எதிர்த்து நின்ற தீரம் அக்காலத்ததே.

நெடுங்காலம் படைமுகாமாயிருந்த நம் ஊர் இதற்கு ஏற்ற இடம். 1945இல் தொடங்கப்பெற்ற செலக்ட் புத்தகக் கடையும், சர்ச் தெருவின் பழைய புத்தகக் கடைகளும் தேடுவோர்க்கு நன்கு அறிமுகமானவை.

வாங்குமுன் நூலின் முகப்பிலுள்ள படப்பட்டியலோடு படங்களை ஒவ்வொன்றாக ஒப்பிட வேண்டும். சட்டமிட்டு விற்பதற்கெனப் படங்களைக் கத்தரித்தெடுப்பாரும் உண்டு. போர்க்கால இங்கிலாந்தில் தாள் தட்டுப்பாட்டால் மட்டத்தாளில் அச்சிட்ட நூல்கள் எளிதில் ஒடியும். அவற்றை விரித்து அழுத்தலாகாது. வழவழப்பான படத்தாள்கள் ஈரம் பட்டால் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். சென்னையின் கடற்காற்று இங்கில்லை எனினும், மழைக்காலத்தில் அலமாரியைச் சுவரை ஒட்டி வைத்தல் கூடாது.

இந்நூல்களுக்கு ஒரு குறையுண்டு. பெரும்பாலானவை கப்பல் தட்டிலிருந்து கரையைப் பார்த்து எழுதியவை. கரையிலிருந்த நம்மவர் கண்டது என்ன, மூட்டை கட்டி எவ்வூருக்குச் சென்றனர் என்பவை அவற்றில் அரிது. 1942 ஏப்ரலில் ஜப்பானியருக்கு அஞ்சி மீண்டும் சென்னையை விட்டுப் பலர் வெளியேறிய செய்தியும் அத்தகையதே. அவை பாட்டிமார் சொல்லக் கேட்ட முதியோரின் நினைவில் மட்டுமே எஞ்சியுள்ளன.

ஆகவே, புத்தகம் வாங்கும் அன்பர்கள் தம் வீட்டுப் பெரியோரையும் கேட்டு, அவர்கள் கூறுவதை ஒரு தாளில் எழுதி, நாளிட்டு, அந்நூலுக்குள்ளேயே வைப்பாராக. அப்பொழுதுதான் அது நம் குடும்பத்து நூலாகும்.